மாணவர்களுக்கான இலக்கு டைரி: அந்த ஒரு வாரப் பக்கத்துக்காக வாங்கலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் எதைப் பெரிதாகக் காட்டுகிறார்களோ அதற்காக வாங்காதீர்கள். அட்டையிலும் விளம்பரத்திலும் எங்கேயுமே காட்டாத ஒரு பக்கம் உள்ளே இருக்கிறது, அதற்காக வாங்குங்கள். மாணவர்களை இலக்கு வைத்துப் படிக்கப் பழக்குவதற்கென்று வருகிற டைரி இது. டைரி, ஆசிரியருக்குத் தனியாக ஒரு கையேடு, ஸ்டிக்கர் தாள், போனில் போட்டுக்கொள்ள ஒரு ஆப், எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த வகை டைரிகள் நான் புரட்டிப் பார்த்தவரை ஒரே வார்ப்புதான், அட்டையின் நிறம்தான் வேறு, அதனால் நீங்கள் எதைக் கையில் எடுத்தாலும் கீழே சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

முன்னுரையைப் படித்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. யேல் பல்கலைக்கழகத்தில் 1953-இல் படித்து முடித்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்கள் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம், இருபது வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த 3 சதவீதத்தின் சொத்து மீதி 97 சதவீதத்தின் மொத்தச் சொத்தைவிட அதிகமாம். மேடைப் பேச்சுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996-இல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற பத்திரிகை இந்தக் கதையைத் துருவிப் பார்த்து, ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதைத் தவிர அடியில் எதுவுமே இல்லை என்று எழுதிவிட்டது, யேல் பக்கமும் அப்படி ஒன்று இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். அதை இன்னும் அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். வகுப்பில் அதை வாசித்த உடனே ஒருவன் கேட்டான், "எழுதி வச்சாலே போதுமா டீச்சர்?" நியாயமான கேள்விதானே. அந்த முன்னுரை அவனுக்குச் சொல்வது அதைத்தான்.

இதில் வருத்தம் என்னவென்றால், பொய்க் கதை சொல்ல வேண்டிய அவசியமே இந்தத் துறைக்கு இல்லை. எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968-இல் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்து, அவரும் கேரி லேதமும் பல பத்து வருஷம் செய்த வேலை முழுக்க இலக்கைப் பற்றியதுதான். "உன்னால முடிஞ்சதைச் செய்" என்று சொல்லி விடுவதைவிட, தெளிவாகவும் கொஞ்சம் கடினமாகவும் ஒரு இலக்கைக் கொடுத்தால் ஆள் கூடுதலாகச் செய்கிறான் என்பது அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. கையேட்டில் இது சரியாகவே இருக்கிறது. ஆனால் கூடவே அவர்கள் சொன்ன நிபந்தனைகளைக் கையேடு அப்படியே விழுங்கிவிட்டது. இலக்கை அந்தப் பிள்ளை மனசார ஏற்றிருக்க வேண்டும், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்கு அவ்வப்போது தெரிய வேண்டும், வேலை அதன் திறமைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கடினமான இலக்கு பிள்ளையை மிரட்டுவதோடு சரி. பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளையிடம் இயற்கணிதத்தில் பெரிய மதிப்பெண்ணை இலக்காக எழுது என்றால் எழுதும், ஏன் எழுதாது, பென்சில்தானே.

டைரியின் முதல் பகுதி கனவுப் பக்கங்கள். வழவழ தாள், நாலு வண்ணம், மலை உச்சியில் கொடியோடு நிற்கும் ஒருவரின் படம். "பத்து வருடம் கழித்து நான்", "என் கனவு வேலை", "நான் வியக்கும் மனிதர்" என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடித்தது, அதை மறைக்க முடியாது. அழகாக வண்ணம் தீட்டினார்கள், நல்ல நல்ல கனவெல்லாம் எழுதினார்கள். அப்புறம் என்ன? கனவுக்கும் மறுநாள் காலை முதல் பாடவேளைக்கும் நடுவில் எந்தப் படியும் இந்தப் பக்கங்களில் இல்லை. கேப்ரியேலா எட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைத்தான் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். நல்லதாகவே கற்பனை செய்து மனசில் படம் ஓட்டிக்கொண்டிருந்தால் அது முயற்சியைக் குறைக்கவே செய்கிறது, விருப்பத்தின் பக்கத்திலேயே தடையையும் வைத்துப் பார்க்கும்போதுதான் கை வேலையில் இறங்குகிறது என்பது அவருடைய முடிவு. மலை உச்சிப் படத்தோடு நின்றுவிட்ட டைரிகளைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வருவது ஸ்மார்ட் பக்கம். இது இல்லாத இலக்கு டைரியே கிடையாது போலிருக்கிறது. குறிப்பாக இருக்கிறதா, அளக்க முடியுமா, எட்டக்கூடியதா, பொருத்தமானதா, காலக்கெடு உண்டா என்று, SMART என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துக்கும் ஐந்து கட்டம். இது பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததில்லை. ஜார்ஜ் டோரன் என்பவர் 1981-இல் ஒரு மேலாண்மை இதழில் மேனேஜர்களுக்காக எழுதியது, அதில் மூன்றாவது எழுத்து யாரிடம் வேலையை ஒப்படைப்பது என்பதைக் குறித்தது. அலுவலக வேலைக்கு அது சரி. வகுப்பில் நடந்தது என்னவென்றால், பாதிக்கு மேல் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: "அடுத்த தேர்வில் கணக்கில் 90 எடுப்பேன்." ஐந்து கட்டத்திலும் டிக் விழுகிறது பாருங்கள். குறிப்பாக இருக்கிறது, அளக்கலாம், கெடு இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. ஆனால் இதை எழுதின பிள்ளை இன்று சாயங்காலம் புத்தகத்தைத் திறந்து என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரியில் எங்கேயும் இல்லை.

சரி, அந்த வாரப் பக்கத்துக்கு வருகிறேன். டைரியில் பாதிக்குப் பின்னால்தான் ஆரம்பிக்கிறது, படம் கிடையாது, வண்ணம் கிடையாது, சாதாரணத் தாளில் நெட்டுவாக்கில் நாலு பத்தி. இடப்பக்கம் "இந்த வாரம் செய்யப்போவது". அடுத்து "எப்போது, எங்கே". மூன்றாவது "இது குறுக்கே வந்தால், இதைச் செய்வேன்". கடைசியில் ஒடுக்கமாக ஒரு பத்தி, "நடந்ததா? ஏன்?" இதை வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கனவுப் பக்கங்களைப் போட்டவரும் இவரும் ஒரே ஆளாக இருக்க வாய்ப்பில்லை.

கணக்கென்றாலே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிற ஒரு பெண், முதல் வாரத்தில் இடப்பக்கப் பத்தியில் "நல்லா படிப்பேன்" என்று எழுதி, மற்ற மூன்றையும் காலியாக விட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து "எதை?" என்று மட்டும் கேட்டேன். சில வாரம் கழித்து அவள் பக்கம் இப்படி இருந்தது: "காரணிப்படுத்துதல், பயிற்சியில் நான் விட்ட 4 கணக்கு." எப்போது என்ற இடத்தில் "செவ்வாய், டியூஷன் போகும் முன், தம்பி டிவி போடுவதற்குள்." குறுக்கே வந்தால் என்ற இடத்தில் "தம்பி டிவி போட்டால் மாடிப்படியில் உட்காருவேன்." கடைசிப் பத்தியில் "3 முடிந்தது. 4-வதில் குறி மாறிவிடுகிறது, டீச்சரிடம் கேட்க வேண்டும்." எனக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கடைசி வரியில் இருந்தது. எதிர்க்குறி உள்ள அடைப்பைப் பிரிக்கும்போது அவள் முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றுகிறாள், இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகிறாள். பத்து நிமிஷ வேலை. எத்தனை தேர்வுத்தாள் திருத்தினாலும் அது என் கண்ணில் இவ்வளவு துல்லியமாகப் பட்டிருக்காது, ஏனென்றால் அங்கே தப்பு மட்டும்தான் தெரியும், எந்த இடத்தில் திணறினாள் என்று அவள் வாயால் தெரியாது.

இந்தப் பத்திகள் ஏன் வேலை செய்கின்றன என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது, கையேடுதான் அதைச் சொல்லவில்லை. பீட்டர் கோல்விட்சர் என்பவர், "இந்த நேரம் வந்தால், இந்த இடத்தில், இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதைப் பற்றித் தொண்ணூறுகளிலிருந்து எழுதி வருகிறார். கல்லூரி மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சின்ன அறிக்கை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு சோதனை. எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதப் போகிறோம் என்று குறித்து வைத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நேரத்துக்குள் முடித்தார்கள், குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். இதையும் எட்டிங்கனின் தடை விஷயத்தையும் சேர்த்து, உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் இவர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குத் தயாராகும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு சின்ன எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்தார்கள். அதைச் செய்த பிள்ளைகள் கோடை விடுமுறையில் மற்றவர்களைவிட 60 சதவீதத்துக்கு மேல் அதிகமாகப் பயிற்சிக் கேள்விகளைப் போட்டிருந்தார்கள். கவனியுங்கள், மதிப்பெண் அறுபது சதவீதம் கூடியது என்று சொல்லவில்லை. போட்ட கணக்கின் எண்ணிக்கைதான் கூடியது. ஆனால் ஆசிரியராக என் கையில் இருப்பதும் அதுதான்.

மதிப்பெண்ணை இலக்காக வைப்பதா, வேலையை இலக்காக வைப்பதா என்ற கேள்விக்கு நேரடியான பதிலே இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுமார் 4,000 மாணவர்களை வைத்து நடத்திய சோதனை 2020-இல் வெளியானது. பாடத்தில் இவ்வளவு மதிப்பெண் எடுப்பேன் என்று இலக்கு வைத்தவர்களுக்குப் பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பேன் என்று வைத்தவர்கள் அதிகம் எழுதிப் பார்த்தார்கள், மதிப்பெண்ணும் கொஞ்சம் ஏறியது. மாதிரித் தேர்வு எழுதுவது பிள்ளையின் கையில் இருக்கிறது. தாளில் எந்தக் கேள்வி வரும், திருத்துகிறவர் எப்படித் திருத்துவார் என்பதெல்லாம் அதன் கையில் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இது இன்னும் தெளிவு. உளவியலாளர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. கழித்தல் கணக்கில் ரொம்பப் பின்தங்கி, கணக்கிலேயே விருப்பமில்லாமல் இருந்த சிறுவர் சிறுமியரிடம் 42 பக்கப் பயிற்சியைக் கொடுத்தார்கள், ஏழு அமர்வு. சிலரிடம் ஒவ்வொரு அமர்வுக்கும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள் என்றார்கள், சிலரிடம் ஏழு அமர்வுக்குள் 42-ஐயும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள், சிலருக்கு இலக்கே சொல்லவில்லை. கூட்டிக் கழித்தால் முதல் இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் ஆறாறு பக்கமாகப் போனவர்கள்தான் வேகமாகக் கற்றார்கள், என்னால் முடியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்குத்தான் வந்தது, யாரும் சொல்லாமலேயே கழித்தல் கணக்கை எடுத்துப் போடுகிற ஆர்வமும் அவர்களிடம்தான் தெரிந்தது. தூரத்து இலக்கு வைத்தவர்கள் இலக்கே இல்லாதவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. இந்த டைரியில் மாதப் பக்கம் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்களே, அதை நான் ரெண்டாவது மாதமே விட்டுவிட்டேன். வாரம் போதும். ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் வாரம்கூட நீளம், நாளுக்கு ஒன்று போதும்.

இதையெல்லாம் படித்துவிட்டு இலக்கு எழுதினால் மாயம் நடக்கும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிப்பில் தடுமாறிக்கொண்டிருந்த 85 மாணவர்களுக்கு இணையத்தில் இலக்கு எழுதும் பயிற்சி கொடுத்ததில் நாலே மாதத்தில் மதிப்பெண் ஏறியது என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்து நிறையப் பேசப்பட்டது. அப்புறம் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து அதே மாதிரி செய்து பார்த்தார்கள், கூடவே நினைவூட்டல் செய்திகளும் அனுப்பினார்கள். 2019-இல் வெளியானது. மதிப்பெண்ணில் ஒரு அசைவும் இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டு, அதற்கப்புறம் அதை யாரும் எடுத்துப் பார்க்காத இலக்கு அப்படித்தான் ஆகும். அந்த ஒடுக்கமான நாலாவது பத்தியை யார் படிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால்தான் கையேட்டின் மேல் எனக்குக் கோபம். இலக்கு எழுத வைப்பதற்கு ஏழெட்டுப் பாட அமர்வுகள் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள், எழுதினதைத் திரும்பப் பார்ப்பதற்கு ஒரே ஒரு பத்தி: "ஆசிரியர் வாரந்தோறும் எல்லா டைரிகளையும் பார்வையிட்டுக் கருத்து எழுதவும்." நாற்பது டைரி. மற்ற வேலையெல்லாம் யார் செய்வது? ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டேன், அதுவும் நாலாவது பத்தியை மட்டும் பார்ப்பது, ஒரு கேள்வி மட்டும் எழுதுவது. "நன்று", "இன்னும் முயற்சி செய்" என்றெல்லாம் சிவப்பு மையில் எழுதினால் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மூடிவிடும். "எந்தக் கணக்கில் நின்றாய்?" என்று எழுதினால் அடுத்த வாரம் பதில் இருக்கும். மீதி நாட்களில் பக்கத்துப் பிள்ளையோடு டைரியை மாற்றிக்கொண்டு, நடந்ததா, ஏன் என்று வாயால் கேட்டுக்கொள்வார்கள். அஞ்சு நிமிஷம். சில ஜோடிகள் அரட்டை அடித்தார்கள், அடிக்கட்டும்.

ஆப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தினமும் மாலையில் ஒரு மணி அடிக்கிறது, பிள்ளைகள் விரலால் தள்ளிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அதில் இருக்கிற தரவரிசைப் பட்டியல்தான் தொல்லை. யார் எத்தனை இலக்கு முடித்தார்கள் என்று வகுப்புக்கே காட்டுகிறது. ரெண்டே வாரத்தில் இலக்குகள் எல்லாம் சுருங்கிப் போயின. "ஒரு பக்கம் வாசிப்பேன்", "புத்தகத்தை அட்டை போடுவேன்." பட்டியலில் மேலே ஏற அதுதான் சுலபமான வழி, பிள்ளைகள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? இலக்கை ஊருக்குச் சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. கோல்விட்சரும் கூட்டாளிகளும் 2009-இல் காட்டியது, நான் இப்படிப்பட்டவன் ஆகப்போகிறேன் என்ற வகை எண்ணத்தை மற்றவர் கேட்டு அங்கீகரித்துவிட்டாலே, ஆகிவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்து உழைப்பு குறைகிறது. ஆப்பை எடுத்துவிட்டேன். ஸ்டிக்கரை ஆறாம் வகுப்பு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன், அங்கே அதற்கு மவுசு.

பெற்றோர் பக்கம் என்று ஒன்று மாதக் கடைசியில் வருகிறது, கையெழுத்துக்கு இடம், மேலே "எதிர்பார்த்த மதிப்பெண் / பெற்ற மதிப்பெண்" என்று ரெண்டு கட்டம். வாரம் முழுக்க "எதைச் செய்தாய்" என்று பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்ததை இந்த ரெண்டு கட்டம் ஒரே ராத்திரியில் கெடுத்துவிடும். அந்தக் கட்டங்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, "இந்த மாதம் உங்கள் பிள்ளை எதைப் புதிதாகச் செய்யத் தெரிந்துகொண்டது? கேட்டு எழுதுங்கள்" என்று மாற்றினேன். சில அப்பாக்கள் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினார்கள். ஒரு பாட்டி பேத்தியிடம் கேட்டுக் கேட்டு முழுப் பக்கமும் எழுதியிருந்தார்.

பொருளின் தரம் பற்றியும் சொல்ல வேண்டுமே. அட்டை உறுதி, ஸ்பைரல் கழன்று வரவில்லை, பை நசுக்கலையும் தாங்குகிறது. கனவுப் பக்கங்களுக்கு அவ்வளவு நல்ல தாள் போட்டவர்கள், தினமும் எழுதுகிற வாரப் பக்கத்துக்கு மெலிசான தாள் போட்டிருக்கிறார்கள். ஜெல் பேனா பின்பக்கம் ஊறுகிறது. நாலாவது பத்தி ரொம்ப ஒடுக்கம், "ஏன்" என்பதற்குப் பதில் எழுத ரெண்டு விரற்கடை இடம். பெரிய குறை, தேதி அச்சடித்து வருவது. பருவம் தொடங்கிக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலோ, பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ, காலிப் பக்கங்கள் வரிசையாக நிற்கின்றன, திறக்கும்போதெல்லாம் பிள்ளை அதைத்தான் முதலில் பார்க்கிறது. சிலர் அதோடு எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பக்கங்களை கிளிப் போட்டு மூடிக் கொடுத்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தார்கள்.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். தானாகவே திட்டம் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இது ஒரு கூடுதல் வேலை, என் வகுப்பில் அப்படி ரெண்டு மூன்று பேர் கடமைக்கு நிரப்பினார்கள், நானும் வற்புறுத்தவில்லை. அடிப்படையே பிடிபடாத பிள்ளைக்கு இலக்கைவிட முதலில் பாடம்தான் வேண்டும், அதுவரை "இத்தனை கணக்கு முடிப்பேன்" என்பதைவிட "இதைச் செய்ய ரெண்டு வழி கண்டுபிடிப்பேன்" என்ற மாதிரி கற்றுக்கொள்கிற இலக்காக வைத்தால் நல்லது, டைரியில் அதற்கு இடமிருக்கிறது. வீட்டில் ஒரே பிள்ளைக்கு வாங்குகிற பெற்றோர் என்றால் டைரியே தேவையில்லை, சாதாரண நோட்டில் நாலு கோடு போட்டால் ஆச்சு. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பத்தியைக் கேட்க மட்டும் ஒரு ஆள் வேண்டும். வகுப்புக்கு மொத்தமாக எடுக்கிற பள்ளிகள், தேதி போடாத பதிப்பு இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள், வாரப் பக்கம் மட்டும் தனிக் கட்டாகக் கொடுப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டதற்கு அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம், அந்த மூன்றும் வாரப் பக்கத்துக்கு.